எங்கள் கண்மயக்குக் கூடத்துக்கு வருமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், பாவிக்காமல் கிடந்த நெற்களஞ்சியம் ஒன்றைத் திருத்தி இந்தக் கூடத்தை அமைத்திருக்கிறோம். விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர், ஒரு தச்சர், ஓர் ஓவியர், இவ்வளவுதான் நாங்கள். வாசலிலும் போனிலும் சனம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். சில பதில்கள் நீளமானவை. தயங்கித் தயங்கிக் கேட்கப்பட்ட கேள்விகளுக்குத்தான் நீளமாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அவர்களுக்கு முழுப் பதில் தேவை.

உள்ளே என்னதான் இருக்கிறது?

கோணலாகக் கட்டிய ஓர் அறை, நிலத்தில் வரைந்த கிணறு, உள்ளே குழிந்திருந்தும் வெளியே புடைத்து நிற்பதாகத் தெரியும் ஒரு முகம், முடிவில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் கண்ணாடி, சுழலும் குழாய்க்குள் ஒரு பாலம், தூக்கிப் பார்க்கப் பால்மா ரின்கள், கையை வைத்துப் பார்க்க ஒரு கண்ணாடிப் பெட்டி, இன்னும் சுவர் நிறையப் படங்கள். நூதனசாலை என்றதும் எல்லாம் பேழைக்குள் பூட்டியிருக்கும், தொட்டால் ஏசுவார்கள் என்று நினைத்து வருகிறார்கள். இங்கே தொடவேண்டும், தூக்கவேண்டும், இடம் மாறி நின்று பார்க்கவேண்டும்.

வெளிநாடுகளில் இப்படியான இடங்கள் நிறைய உண்டு. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு கோபுரத்தின் உச்சியில், ஆடிகளையும் வில்லைகளையும் வைத்து ஊர் முழுவதையும் ஒரு மேசைமேல் விழுத்திக் காட்டுகிறார்கள். குரொவேசியாவின் சாகிரெப் நகரில் 2015இல் தொடங்கிய கண்மயக்கு நூதனசாலை இப்போது பல நாடுகளில் கிளை விரித்திருக்கிறது. ரொறன்ரோவிலும் ஒன்று இருக்கிறது. விடுமுறைக்கு வரும் மருமக்கள் அங்கே எடுத்த படங்களைக் காட்டும்போது, இதைப் பார்க்க விமானம் ஏறத் தேவையில்லை என்று எங்கள் பிள்ளைகளும் சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் இதைக் கட்டினோம்.

இது கண்கட்டு வித்தையா? யாரோ ஏமாற்றுகிறார்களா?

இல்லை. கண்கட்டு வித்தைக்காரர் ஒன்றை மறைப்பார். இங்கே மறைப்பு ஒன்றும் இல்லை. எல்லாவற்றின் பின்பக்கத்தையும் போய்ப் பார்க்கலாம், அளவுகோல் வைத்து அளக்கலாம். அளந்த பிறகும் அது அப்படியேதான் தெரியும்.

கண்ணின் உட்சுவரில் விழுவது தலைகீழான, தூரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒரு பிம்பம். கிட்ட நிற்கும் ஆட்டுக்குட்டியும் தூர நிற்கும் மாடும் அதில் ஒரே அளவாக விழலாம். எது கிட்ட, எது தூர, எது நிழல், எது நிறம் என்பதையெல்லாம் மூளைதான் பழக்கத்தை வைத்து ஊகிக்கிறது. நாள் முழுக்க அந்த ஊகம் சரியாக இருப்பதால் அது ஊகம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. அது பிசகும் இடங்களைத் தேடிப் பொறுக்கி இங்கே வைத்திருக்கிறோம்.

உள்ளே நுழைந்ததும் முதல் சுவரில் சதுரங்கப் பலகைப் படம் ஒன்று இருக்கும். பலகையின்மேல் ஓர் உருளை, அதன் நிழல் பலகையில் சரிந்து கிடக்கிறது. நிழலுக்கு வெளியே உள்ள ஒரு கறுப்புக் கட்டமும், நிழலுக்குள் உள்ள ஒரு வெள்ளைக் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல் நிறம். அமெரிக்காவில் எட்வேர்ட் அடெல்சன் என்ற ஆய்வாளர் 1995இல் உருவாக்கியது. பக்கத்தில் இரண்டு ஓட்டை போட்ட அட்டை ஒன்று தொங்குகிறது. அதைப் படத்தின்மேல் வைத்தால் இரண்டு கட்டமும் ஒன்றேதான். எடுத்தால் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. சிலர் நம்பாமல் அட்டையைத் திரும்பத் திரும்ப வைத்து எடுத்துக்கொண்டே நிற்பார்கள். நிழலுக்குள் இருக்கும் பொருளுக்கு 'வெளிச்சம் குறைவு' என்று மூளை ஒரு கழிவு கொடுக்கிறது. அந்தக் கழிவு இருப்பதால்தான் மாமர நிழலில் நிற்கும் பிள்ளையின் பாடசாலைச் சட்டை நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது. இது கண்ணின் குறை இல்லை, வடிவாக வேலை செய்யும் ஒரு மூளையின் கெட்டித்தனம்.

கோணல் அறையில் தம்பி ஏன் என்னைவிடப் பெரிய ஆளாகத் தெரிகிறான்?

முன்சுவரில் உள்ள துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தால் அது நேரான சுவரும் மட்டமான நிலமும் இரண்டு யன்னலும் உள்ள சாதாரண அறை. உண்மையில் அதற்குள் ஒரு செங்கோணம்கூட இல்லை. பின்சுவர் சரிந்து போகிறது. இடது மூலை வலது மூலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூர மூலையில் நிலம் பதிந்தும் கூரை உயர்ந்தும் இருக்கும். யன்னல்களும் ஒரு பக்கம் நெட்டை, மறுபக்கம் கட்டை. துளையின் இடத்திலிருந்து பார்க்கும்போது மட்டும் இந்தக் கோணல் எல்லாம் ஒன்றையொன்று சரிக்கட்டி நேராகிவிடும்.

இனி நீங்கள் தூர மூலையில், தம்பி கிட்ட மூலையில். அறை நேரானது என்று மூளை முடிவெடுத்துவிட்டது. அப்படியென்றால் இருவரும் ஒரே தூரத்தில் நிற்கவேண்டும். ஒரே தூரத்தில் நின்றும் ஒருவருடைய பிம்பம் சின்னதென்றால் அவர் சின்ன ஆள்தான். கணக்கில் பிழையே இல்லை, எடுத்த முதற்படிதான் பிழை. இருவரும் இடம் மாறி நடக்கும்போது ஒருவர் வளர, மற்றவர் சிறுப்பார்.

இந்த அறையை வடிவமைத்தவர் அடெல்பேர்ட் ஏம்ஸ் என்ற அமெரிக்கர். முதலில் சட்டத்தரணி, பிறகு ஓவியர், அதன் பிறகு கண்ணைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வந்தவர். 1940களில் இதைக் கட்டிக் காட்டினார். எங்கள் தச்சருக்கு இந்த அறை பெரிய சோதனையாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க மூலைமட்டம் வைத்து வேலை செய்த மனுசன், ஒவ்வொரு சட்டத்தையும் வேண்டுமென்றே கோணலாக அறுக்கவேண்டியிருந்தது. அவர் செய்த யன்னலைக் கையால் தடவிப் பாருங்கள், எவ்வளவு நுணுக்கமான வேலை என்று விளங்கும்.

பார்க்கும் முறை ஒன்று உண்டு. முதலில் துளையால் பாருங்கள். பிறகு பின்வழியாக அறைக்குள் போய் நடந்து, சரிவைக் காலால் உணருங்கள். ஒரு மாபிளை நிலத்தில் விடுங்கள். திரும்ப வந்து துளையால் பார்த்தால், மட்டமாகத் தெரியும் நிலத்தில் மாபிள் தானாக உருண்டு போகும்.

எனக்கு ஒரு கண் இல்லை. வந்தால் ஏதாவது தெரியுமா?

வாருங்கள். பல இடங்களில் உங்களுக்குத்தான் மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

இரண்டு கண்ணுக்கும் இடையே ஆறு சென்ரிமீற்றர் அளவு இடைவெளி. அதனால் ஒவ்வொரு கண்ணுக்கும் கொஞ்சம் வேறான பிம்பம் கிடைக்கிறது. அந்த வித்தியாசத்தை வைத்து மூளை ஆழத்தை அறிகிறது. கிட்ட உள்ள பொருட்களில் இது மிகவும் நுட்பமாக வேலை செய்யும். நிலத்தில் வரைந்த கிணற்றை இரண்டு கண்ணாலும் பார்ப்பவருக்கு 'இது தட்டைப் படம்' என்ற செய்தி இந்த வழியால் வந்துகொண்டே இருக்கும். அதனால் அவர்களை நாங்கள் ஒரு கண்ணைப் பொத்தச் சொல்கிறோம். குழிந்த முகத்துக்கும் அப்படித்தான். கோணல் அறையின் துளையே ஒரு கண்ணுக்கு அளவாக வெட்டியது. உங்களுக்கு இவற்றில் எதையும் பொத்தத் தேவையில்லை. தலையை மட்டும் ஆட்டாமல் வைத்திருங்கள், ஏனென்றால் ஒரு கண்ணால் பார்ப்பவர்களுடைய மூளை தலை அசைவைக் கொண்டே தூரம் அளக்கப் பழகியிருக்கும். கண் போன புதிதில் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியதாகவும், நாட்போக்கில் அது சரியானதாகவும் இங்கே வந்த பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் இது.

தெரியாதவையும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். இரு கண்ணுக்கும் இரு படம் காட்டும் பெட்டி உங்களுக்கு வேலை செய்யாது. சாள்ஸ் வீற்ஸ்ரன் 1838இல் உலகுக்குக் காட்டிய கருவி அது. புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் உருவமும் தெரியாது. ஊசற்குண்டும் அப்படித்தான். ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால், இடம்வலமாக ஆடும் குண்டு வட்டமாகச் சுற்றுவதாகத் தெரியும். வெளிச்சம் குறைந்த கண்ணிலிருந்து செய்தி கொஞ்சம் பிந்திப் போவதால் வரும் விளைவு. 1922இல் இதை விளக்கி எழுதியவர் காள் புல்ஃபிரிச் என்ற ஜேர்மனியர். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. தன் பெயரில் வழங்கும் இந்தத் தோற்றத்தை அவர் தம் கண்ணால் பார்த்ததேயில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, யோசித்து, விளக்கினார். அந்தக் கதையை ஊசலுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். போரில் கண்ணை இழந்தவர் இல்லாத ஊர் வன்னியில் அரிது. அந்தப் பலகையை நின்று வாசிக்காமல் போகாதீர்கள்.

பொய்க்கால் போட்டிருக்கிறேன், அப்பா சக்கர நாற்காலியில். உள்ளே சுற்றலாமா?

வாசலில் படி இல்லை, சரிவுப் பாதை இருக்கிறது. முன்பு நெல்மூட்டை வண்டி ஏறிய பாதைதான் அது. கோணல் அறையின் நிலம் சரிவானதால் நாற்காலியோடு உள்ளே போவதென்றால் எங்கள் பிள்ளைகள் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்வார். துளையை இரண்டு உயரத்தில் வெட்டியிருக்கிறோம், இருந்தபடியே பார்க்கலாம்.

சுழலும் குழாயில் மட்டும் கவனம். பொய்க்காலில் பாதத்தின் உணர்வு இல்லாததால் சமநிலைக்குக் கண்ணைத்தான் கூடுதலாக நம்புவீர்கள். அந்தக் கண்ணையே குழப்புகிற இடம் அது. இரண்டு பக்கமும் கைபிடி உண்டு. சொன்னால் சுழற்சியை நிறுத்திவிட்டே உங்களைக் கடக்க விடுவோம்.

கண்ணாடிப் பெட்டி இல்லாத காலின் வலியை மாற்றுமாமே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தனியாக, கடைசியில் நின்று கேட்பார்கள். அதனால் விபரமாகச் சொல்கிறேன்.

கையோ காலோ போன பிறகும் அது இருப்பதாகவே தோன்றுவது, விரல் மடங்கி இறுகிக் கிடப்பதாக வலிப்பது, இல்லாத குதிக்காலில் கடிப்பது, இவையெல்லாம் மனப்பிரமை இல்லை. உறுப்பை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த உணர்வு ஏதோ ஒரு விதத்தில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிற்செல் 1871இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உடலின் வரைபடம் ஒன்று மூளையில் இருக்கிறது. கால் போனாலும் வரைபடத்தில் காலின் இடம் போவதில்லை.

1990களில் வி. எஸ். இராமச்சந்திரன் ஒரு எளிய பெட்டியைச் செய்தார். தமிழ்நாட்டில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய நரம்பியலாளர் அவர். பெட்டியின் நடுவில் நிற்கும் கண்ணாடி ஒன்று, அவ்வளவுதான். இருக்கும் கையைக் கண்ணாடியின் முன் வைத்தால், அதன் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். இருக்கும் கையை விரித்து மூடும்போது இரண்டு கையும் விரிந்து மூடுகின்றன என்று கண் சொல்கிறது. இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் அப்போது தளர்ந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். பிறகு காலுக்கும் இந்த முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு நல்ல பலன், சிலருக்கு ஒன்றும் இல்லை. ஓரிருவருக்கு முதல் தடவை மனம் கலங்கவும் கூடும்.

நாங்கள் வைத்தியர்கள் இல்லை. எங்களிடம் இருப்பது அந்தத் தோற்றத்தைக் காட்டும் பெட்டி. கைக்கு ஒன்று, காலுக்கு நீளக் கண்ணாடி ஒன்று. அதை ஒரு சீலைத் திரைக்குப் பின்னால் வைத்திருக்கிறோம், தனியாக இருந்து பார்க்கலாம், யாரும் வேடிக்கை பார்க்க வரமாட்டார்கள். சுகம் தெரிந்தால் உங்கள் வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் சொல்லி முறையாகச் செய்யுங்கள். நாள்தோறும் கொஞ்ச நேரம், வாரக்கணக்கில் செய்யவேண்டிய பயிற்சி இது. கண்ணாடிக்குப் பெரிய செலவில்லை.

இரண்டு கண்ணும் தெரியாதவரைக் கூட்டி வரலாமா?

கட்டாயம். மயக்கம் கண்ணுக்கு மட்டும் உரியதில்லை.

பால்மா ரின்கள் இரண்டு, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டிலும் ஒரே நிறை மணல். தூக்கினால் சின்ன ரின்தான் பாரமாக இருக்கும். தராசில் வைத்துக் காட்டின பிறகும் சின்னதுதான் பாரம். பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்ரின் சார்பொன்ரியே 1891இல் இதை எழுதினார். கண்ணால் பார்க்காமல் கையால் தடவி அளவை அறிந்தாலே இது வேலை செய்யும். அடுத்தது, சுட்டுவிரலையும் நடுவிரலையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே போட்டு, அந்த இடுக்கில் ஒரு கடலையை உருட்டுவது. இரண்டு கடலை இருப்பதாகத் தெரியும். அரிஸ்ரோட்டில் காலத்திலேயே அறிந்த விசயம். மூன்றாவது, சுடுநீர், குளிர்நீர், இளஞ்சூட்டு நீர் என மூன்று சட்டிகள். ஒரு கை சூட்டிலும் ஒரு கை குளிரிலும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், பிறகு இரண்டையும் நடுச்சட்டியில் வையுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடு, மறுகைக்குக் குளிர்.

உள்ளே இருட்டா? திடீர்ச் சத்தம் ஏதும் வருமா? அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது.

இருட்டான பகுதி ஒன்றே ஒன்றுதான், அதற்குள் போகாமலும் முழுவதையும் சுற்றலாம். எந்த அறைக்கும் பூட்டும் கதவில்லை, சீலைதான். சத்தம் எழுப்பும் எதையும் நாங்கள் வைக்கவில்லை. சும்மா பகிடிக்கும் ஒருவரைத் திடுக்கிட வைக்கக்கூடாது என்பது இங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முதல்நாள் சொல்லும் விதி. பங்கருக்குள் இருந்த காலத்தை நினைவுபடுத்தும் ஒடுக்கமான வழி எதுவும் வேண்டாம் என்று கட்டும்போதே பேசி முடிவெடுத்தோம். கண்ணாடி அறையும் அகலமானது, இரண்டு பக்கமும் திறந்தது.

தலை சுற்றுமா?

சுழலும் குழாயில் சுற்றும். பாலம் அசைவதேயில்லை. சுற்றியுள்ள குழாய்தான் புள்ளிகளோடு உருளுகிறது. கண் 'நீ சரிகிறாய்' என்கிறது, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'இல்லை' என்கிறது. வவுனியா நிலையத்தில் பக்கத்து ரயில் நகரும்போது நம் ரயில் புறப்பட்டதாகத் தோன்றுமே, அதே காரணம்தான், இங்கே அதைவிட வேகம். கண்ணை மூடினால் உடனே நின்றுவிடும். காதில் வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வலிப்பு வருபவர்களும் அதைத் தவிருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் சத்தி வரலாம்.

எத்தனை வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வரலாம்?

எந்த வயதும். சின்னப் பிள்ளைகள் சில படங்களில் பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் ஏமாறுகிறார்கள். பெரிய வட்டங்கள் சூழ்ந்த ஒரு வட்டம், சின்ன வட்டங்கள் சூழ்ந்த அதே அளவு வட்டத்தைவிட நமக்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் தரம் 1 பிள்ளை இரண்டும் ஒரே அளவென்று சரியாகச் சொல்லிவிட்டுப் போகலாம். 'வடிவாகப் பார்' என்று திருத்தாதீர்கள், பிள்ளை சொன்னதுதான் சரி. கைக்குழந்தைகளைக் கண்ணாடி அறைக்குள் இறக்கிவிடவேண்டாம்.

படம் எடுக்கலாமா?

எடுங்கள். ஒரு கண்ணால் பார்ப்பவருக்குள்ள அதே நன்மை போன் கமராவுக்கும் உண்டு. அதனால்தான் நேரில் அரைகுறையாகத் தெரியும் கிணறு படத்தில் ஆழமாக விழுகிறது. நிலத்தில் மஞ்சள் பாத அடையாளம் இருக்கும், படம் எடுப்பவர் அதில் நிற்கவேண்டும். கிணற்றுக்குள் விழப்போகிறவர் போல நடிப்பவர் எங்கே நிற்பதென்று கமராவைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஓர் அடி விலகினாலும் கிணறு நீண்டு இழுபட்ட ஒரு கறையாகிவிடும். பிளாஷ் போடவேண்டாம், நிறங்கள் வெளிறிவிடும். செருப்பையும் சப்பாத்தையும் வாசலில் கழற்றுங்கள், நிலத்து ஓவியம் கையால் வரைந்தது.

செங்கோணத்தில் பொருத்திய இரட்டைக் கண்ணாடியைத் தவறவிடாதீர்கள். அதில் உங்கள் முகம் இடம்வலம் மாறாமல், மற்றவர்கள் காண்கிறபடியே தெரியும். தலைவகிடு மறுபக்கம் போயிருக்கும். பொட்டைச் சரிசெய்யக் கையைத் தூக்குங்கள், கை எதிர்ப்பக்கம் போகும்.

உண்மை தெரிந்த பிறகும் ஏன் அது அப்படியே தெரிகிறது? படித்தவர்களும் ஏமாறுவார்களா?

பேராசிரியரும் ஏமாறுவார். பார்க்கும் வேலையைச் செய்யும் பகுதிக்கு, நாம் படித்துத் தெரிந்துகொண்டதைக் கேட்கும் வழக்கம் இல்லை. அம்புத்தலை உள்நோக்கியும் வெளிநோக்கியும் உள்ள இரண்டு சமகோடுகள் சுவரில் இருக்கின்றன. 1889இல் முல்லர்-லையர் என்ற ஜேர்மனியர் வெளியிட்டது. அளந்தாலும் ஒன்று நீளமாகவே நிற்கும்.

எல்லா மனிதரும் ஒரே அளவாக ஏமாறுவதில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விசயம். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1898இல் அவுஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள ரொறெஸ் நீரிணைத் தீவுகளிலும், பிறகு நீலகிரியில் தோடர்களிடமும் இந்தக் கோடுகளைக் காட்டி அளந்தார். ஆங்கிலேயரைவிட அவர்கள் இதில் குறைவாகவே ஏமாந்தார்கள். மூலைகளும் நேர்கோட்டுச் சுவர்களும் நிறைந்த வீடுகளில் வளர்வதுதான் காரணமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. வரும் பிள்ளைகளுக்கு இதை ஒரு கேள்வியாகவே விட்டுவிடுகிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்ததா? நம்மிடம் ஒன்றும் இல்லையா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது. அங்கே ஒரு சிற்பத்தில் யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஓர் உடலை மறைத்தால் யானை, மற்ற உடலை மறைத்தால் காளை. ரிஷபகுஞ்சரம் என்பார்கள். வாத்தாகவும் முயலாகவும் மாறித் தெரியும் புகழ்பெற்ற படம் ஜேர்மன் சஞ்சிகையில் வந்தது 1892இல். இரண்டையும் அருகருகே மாட்டியிருக்கிறோம், சிற்பத்தின் படத்தை மறைத்துப் பார்க்க ஓர் அட்டையும் உண்டு.

நம் ஊரிலேயே தினமும் நடப்பவை இன்னும் அதிகம். மாரியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கும்போது போய், பாயும் தண்ணீரில் ஒரே இடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு பக்கத்துக் கல்லைப் பாருங்கள், கல் மேல்நோக்கி ஏறும். 1834இல் ரொபேர்ட் அடம்ஸ் என்பவர் ஸ்கொட்லாந்து நீர்வீழ்ச்சி ஒன்றில் இதைக் கண்டு எழுதியதால் நீர்வீழ்ச்சி மயக்கம் என்ற பெயர் வந்தது. கீழ்நோக்கிய அசைவை உணரும் நரம்புகள் தொடர்ந்து வேலை செய்து தளர்ந்துபோக, மேல்நோக்கியவை எழும்பிவிடுகின்றன.

முறிகண்டிப் பக்கம் நண்பகலில் தார்வீதியில் தெரியும் தண்ணீரும், நந்திக்கடலில் எழும்பும் முழுநிலவின் பெருப்பமும் பார்க்க ஒரே வகை போல இருந்தாலும் வேறு வேறு. சூடான தார்வீதிக்கு மேலே உள்ள காற்று வெளிச்சத்தை உண்மையாகவே வளைக்கிறது. அதனால் கானல்நீர் போன் படத்திலும் விழும். நிலவின் பெருப்பம் விழாது, அது மூளையில் மட்டும் இருக்கிறது. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் நிலவை மறையுங்கள். அடிவானத்தில் மறைத்த அதே நகம் உச்சியிலும் மறைக்கும். தூண்டிலும் ஈட்டியும் பிடிக்கிற எங்கள் ஐயாமாருக்கு, தண்ணீருக்குள் தெரியும் மீனுக்குக் கீழே குறிவைக்கவேண்டும் என்பது ஒளிமுறிவு படிக்காமலே தெரியும். அது காற்றும் தண்ணீரும் செய்கிற வேலை. இந்த இரண்டு வகையையும் பிரித்தறியப் பழகிய பிள்ளைக்கு விஞ்ஞானப் பாடத்தில் ஒளி அலகு பாதி முடிந்தமாதிரி.

எப்படி வருவது, கட்டணம் என்ன, கரண்ட் போனால் என்ன செய்வது?

யாழ்ப்பாணம், வவுனியா பஸ் எல்லாம் ஏ9 வழியாகக் கிளிநொச்சியில் நிற்கும். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வருபவர்கள் பரந்தனில் இறங்கி மாறலாம். ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து ஓட்டோ. கட்டணம் இல்லை, வாசலில் உண்டியல் இருக்கிறது. காலையில் வாருங்கள், தகரக் கூரை என்பதால் மத்தியானம் உள்ளே வெக்கை. மூக்குக்கண்ணாடி பாவிப்பவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள். கரண்ட் போனால் சுழலும் குழாய் மட்டும் நிற்கும். மற்றவை எல்லாம் யன்னல் வெளிச்சத்தில் நடக்கும்.

பாடசாலையிலிருந்து கூட்டி வருவதென்றால்?

முன்கூட்டியே சொல்லுங்கள், வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து விடுவோம். ரீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: வருமுன் விளக்கம் சொல்லிக் கொடுக்கவேண்டாம். பிள்ளைகள் முதலில் ஏமாறட்டும், பிறகு தாங்களே அளந்து கண்டுபிடிக்கட்டும். குறிப்புக் கொப்பி, அடிமட்டம், கொஞ்சம் நூல், இவை போதும். ஒவ்வொரு படத்தின் முன்னும் 'என்ன தெரிகிறது' என்று முதலிலும் 'அளந்தால் என்ன' என்று பிறகும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதைப் பார்த்து முதலாவதை அழிக்கிற பிள்ளைகள் உண்டு. அழிக்கவிடாதீர்கள், தெரிந்ததும் ஒரு தரவுதான்.

வர வசதியில்லை. வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. ஒரு தாளில் எட்டு சென்ரிமீற்றர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு சிலுவைக்குறியும் வலப்பக்கம் ஒரு தடித்த புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வலக்கண்ணால் சிலுவையை மட்டும் பாருங்கள். தாளை முகத்துக்கு மெல்லக் கிட்டக் கொண்டுவந்தால், ஏறக்குறைய முப்பது சென்ரிமீற்றரில் புள்ளி காணாமற்போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. அந்த ஓட்டையை மூளை தாளின் வெள்ளையால் நிரப்பிவிடுகிறது. தாள் முழுக்கக் கோடு போட்டிருந்தால் கோட்டால் நிரப்பும்.

புல்ஃபிரிச்சின் ஊசலையும் வீட்டில் கட்டலாம். வளையிலிருந்து நூலில் ஒரு சின்னப் பாரத்தைத் தொங்கவிட்டு, உங்களுக்கு நேர் குறுக்காக இடம்வலம் ஆட்டுங்கள். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி இருந்து, கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை ஒரு கண்ணுக்கு மட்டும் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்தபடி பாருங்கள். குண்டு உங்கள் பக்கம் வந்து போவதாக முட்டை வடிவில் சுற்றும். வில்லையை மற்றக் கண்ணுக்கு மாற்றிப் பிடித்தால் சுற்றும் திசையும் மாறிவிடும்.